கீழிருந்து கட்டும் பட்டியல்: அமெரிக்காவில் நன்றாகப் படிக்கிற பிள்ளை எந்தெந்தக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பது?

ஆகஸ்ட் முதல் வாரம் நண்பர் வீட்டுப் பையன் லேப்டாப்போடு வந்து எங்கள் சமையலறை மேஜையில் உட்கார்ந்தான். பன்னிரண்டாம் வகுப்பு தொடங்க இன்னும் இரண்டு வாரம் இருந்தது. கல்லூரி நுழைவுக்கான எஸ்ஏடி தேர்வில் 1600க்கு 1550, ஏபி என்கிற கல்லூரித் தரப் பாடங்கள் ஒன்பது, எல்லாவற்றிலும் ஏ. அவன் திறந்து காட்டிய எக்செல் தாளில் 19 கல்லூரிகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எத்தனை சதவீதம் பேருக்கு இடம் தருகிறார்கள் என்று எழுதச் சொன்னேன். 4, 4, 5, 3, 6, 5, 7 என்று எழுதிக்கொண்டே போனவனுக்குக் கை மெதுவானது. பதினேழு வரிகளில் பதினாறு பத்துக்குக் கீழே, ஒன்று மட்டும் பதினொன்று. கடைசி இரண்டு வரிகளுக்குப் பச்சை வண்ணம் அடித்து 'சேஃப்டி', அதாவது நிச்சயம் கிடைக்கும் என்று போட்டிருந்தான். எங்கள் மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்று, பக்கத்து மாநிலத்தினுடையது ஒன்று. இரண்டிலும் கம்ப்யூட்டர் சயின்ஸ்.

"ஆன்ட்டி, இந்த ரெண்டும் கண்டிப்பா கிடைச்சிடும். நம்ம ஸ்டேட்டும் பக்கத்து ஸ்டேட்டும்தானே?" என்றான்.

அந்த நம்பிக்கையை நான் ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருக்கிறேன். மூன்று வருடம் முன்னால் என் மகளும் இதே மேஜையில் இதையே சொன்னாள். நாங்களும் நம்பினோம். ஜனவரிக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை முடிவு வந்தது. பல்கலைக்கழகத்தில் இடம் உண்டு, கேட்ட பாடப்பிரிவில் இல்லை. அவள் இரண்டாவது விருப்பமாக யோசிக்காமல் எழுதிவைத்த பாடத்தில் இடம் கொடுத்திருந்தார்கள். ஒரு மணி நேரம் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு நல்ல இடம் மார்ச்சில் கிடைத்தது, இப்போது நன்றாகத்தான் படிக்கிறாள். ஆனால் அந்த இரண்டு மாதம் வீட்டில் ஒருவரும் சரியாகத் தூங்கவில்லை. அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

அமெரிக்காவில் விண்ணப்பப் பட்டியலை ரீச் (கிடைப்பது அரிது), டார்கெட் (கிடைக்க நல்ல வாய்ப்பு), சேஃப்டி (நிச்சயம் கிடைக்கும்) என்று மூன்றாகப் பிரிப்பது எல்லா வீட்டிலும் தெரிந்த விஷயம். நடுத்தரமாகப் படிக்கிற பிள்ளைக்கு இந்தக் கணக்கு சரியாகவே வரும். நன்றாகப் படிக்கிற பிள்ளைக்குத்தான் குழப்பம். அவனுடைய மதிப்பெண் எந்தக் கல்லூரியின் சராசரியோடு ஒப்பிட்டாலும் ஒத்துப்போகிறது, அதனால் எல்லாமே டார்கெட் மாதிரி தெரியும். ஹார்வர்டில் 2024இல் சேர 54,008 பேர் விண்ணப்பித்தார்கள், 1,937 பேருக்கு இடம் கிடைத்தது. எம்ஐடியில் அதே ஆண்டு 28,232 பேரில் 1,275 பேர். நாடு முழுக்க 25,000க்கும் மேல் உயர்நிலைப் பள்ளிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் ஒரு முதல் மாணவர் உண்டு. ஹார்வர்ட், யேல் உள்ளிட்ட எட்டு ஐவி லீக் கல்லூரிகளின் முதலாண்டு இடங்களைக் கூட்டிப் பார்த்தால் சுமார் 15,000தான் வரும். முதல் மாணவர்களை மட்டும் சேர்த்தால்கூட இடம் போதாது. ஆகவே பத்து சதவீதத்துக்குக் கீழே இடம் தருகிற கல்லூரி யாருக்குமே டார்கெட் ஆகாது. 1600 எடுத்த பிள்ளைக்கும் அது ரீச்தான்.

நம்மவர்கள் வீடுகளில் நான் பார்க்கிற பட்டியல்கள் நாலு மாதிரி இருக்கின்றன. பெரிய பெயர்கள் எல்லாவற்றுக்கும் போட்டுப் பார்ப்பது ஒன்று. ஒரே கல்லூரியை எர்லி டிசிஷன் என்ற முன்கூட்டிய விண்ணப்பத்தில் பிடித்துவிடுவது இன்னொன்று. சொந்த மாநிலத்தை அடித்தளமாக வைத்து மேலே போவது மூன்றாவது. ஸ்காலர்ஷிப் பணத்தைப் பார்த்துக் கல்லூரி தேடுவது நாலாவது. ஒவ்வொன்றிலும் நியாயம் இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் போட்டுப் பார்ப்பது

பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பமான காமன் ஆப் வழியாக 20 கல்லூரி வரை போடலாம். கலிஃபோர்னியாவின் அரசுப் பல்கலைக்கழகமான யூசியின் கல்லூரிகளும் எம்ஐடியும் தனி விண்ணப்பம் வைத்திருப்பதால் உண்மையில் 20க்கும் மேலே போகலாம். 'பத்து இடத்தில் போட்டால் ஒன்றாவது விழாதா' என்பதுதான் இதன் பின்னால் இருக்கிற எண்ணம். கணக்கும் அப்படித்தான் ஆசை காட்டுகிறது. 5 சதவீத வாய்ப்புள்ள பத்து கல்லூரிக்குப் போட்டால் ஒன்றாவது கிடைக்க 40 சதவீத வாய்ப்பு, இருபதுக்குப் போட்டால் 64 சதவீதம்.

இந்தக் கணக்கு தாயக்கட்டை உருட்டுவதற்குச் சரி, ஒரு உருட்டலுக்கும் அடுத்ததற்கும் சம்பந்தமில்லை. கல்லூரி விஷயம் அப்படிப் போகாது. பத்து கல்லூரியும் பார்ப்பது அதே மார்க் பட்டியலை, அதே ஆசிரியர் எழுதிய அதே கடிதத்தை, அதே 650 வார்த்தைக் கட்டுரையை. விண்ணப்பத்தில் ஒரு பலவீனம் இருந்தால் அது பத்து இடத்திலும் தெரியும். அதனால் உண்மையான வாய்ப்பு அந்த 40ஐவிடக் குறைவுதான். எவ்வளவு குறைவு என்பது பிள்ளைக்குப் பிள்ளை மாறும்.

அப்புறம் எழுத்து வேலை. பெரும்பாலான பெரிய கல்லூரிகள் தனித்தனியாக இரண்டு மூன்று கட்டுரை கேட்கும், 'ஏன் எங்கள் கல்லூரி?' என்பது அதில் நிச்சயம் ஒன்று. இருபது கல்லூரி என்றால் நாற்பது ஐம்பது சின்னக் கட்டுரைகள். பன்னிரண்டாம் வகுப்பின் முதல் செமஸ்டர் பாடத்தோடு இதையும் செய்ய வேண்டும், அந்த செமஸ்டர் மதிப்பெண்ணும் கல்லூரிக்குப் போகிறது. பதிமூன்றாவது கட்டுரைக்கு மேல் எழுதுகிற பிள்ளைக்குச் சலிப்பு வந்துவிடுகிறது, கல்லூரிப் பெயரை மட்டும் மாற்றி ஒட்டத் தொடங்குகிறது. வாசிக்கிறவர்களுக்கு அது முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும். விண்ணப்பக் கட்டணம் பல இடங்களில் 70 முதல் 90 டாலர், பண உதவிக்கான சிஎஸ்எஸ் படிவத்துக்கு முதல் கல்லூரிக்கு 25, அடுத்தடுத்து 16 டாலர். பணத்தைக்கூட விடுங்கள், பிள்ளையின் அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாதமும் இதிலேயே போய்விடும்.

இந்த வழி யாருக்குப் பொருந்தும்? அடியில் இரண்டு உறுதியான இடம் வைத்துவிட்ட பிறகு, எழுதப் பிடிக்கிற பிள்ளைக்கு மேலே பத்து ரீச் போடுவதில் தப்பில்லை. அடியில் ஒன்றுமில்லாமல் மேலே பதினேழு அடுக்குவதைத்தான் நான் தடுப்பேன்.

எர்லி டிசிஷன்

இது கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டியது. நவம்பர் 1 வாக்கில் ஒரே ஒரு கல்லூரிக்கு, 'இடம் கொடுத்தால் கட்டாயம் சேருவேன்' என்று எழுதிக்கொடுத்து விண்ணப்பிப்பது. பிள்ளை, பெற்றோர், பள்ளி கவுன்சலர் மூவரும் கையெழுத்துப் போடுகிறார்கள். டிசம்பர் நடுவில் முடிவு. கிடைத்தால் மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெற வேண்டும். பென் (பென்சில்வேனியா பல்கலைக்கழகம்), டியூக், டார்ட்மவுத் போன்றவை முதலாண்டு இடங்களில் ஏறக்குறைய பாதியை இப்படி டிசம்பரிலேயே நிரப்பிவிடுகின்றன. மார்ச் வரை காத்திருக்கிறவர்கள் மிச்சப் பாதிக்குப் போட்டியிடுகிறார்கள். எனவே எர்லி டிசிஷனில் வாய்ப்பு கூடுதல் என்பது உண்மை. அந்தக் கூடுதல் சதவீதத்துக்குள் ஏற்கெனவே பேசி முடித்த விளையாட்டு வீரர்களும், பழைய மாணவர்களின் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்பதும் உண்மை. 18 சதவீதம் என்று பார்த்தால் உங்கள் பிள்ளைக்கு அது 18 இல்லை.

பிரச்சினை பணம். எர்லி டிசிஷனில் கிடைத்தால் இன்னொரு கல்லூரி என்ன கொடுக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. கொடுக்கிற பண உதவி போதவில்லை என்றால் மட்டும் விலகலாம். 'போதவில்லை' என்பது உண்மையிலேயே கட்ட முடியாத நிலைமை. கட்ட மனசில்லை என்பது அதில் சேராது.

நம் வீடுகளில் பலருக்கு இது எப்படி வந்து நிற்கிறது என்று பாருங்கள். இரண்டு பேரும் வேலை பார்க்கிறார்கள், வருமானம் 3 லட்சம் டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஹார்வர்டும் எம்ஐடியும் 2 லட்சம் டாலருக்குள் வருமானம் உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன், அதாவது படிப்புக் கட்டணம், வாங்குவதில்லை என்று 2025 முதல் நடைமுறைப்படுத்தியிருக்கின்றன. பிரின்ஸ்டனில் இந்த எல்லை பெரும்பாலும் இரண்டரை லட்சம் வரை போகிறது. 3 லட்சம் வருமானக் குடும்பம் இதைத் தாண்டிவிட்டது. ஐவி எதுவும் மதிப்பெண்ணுக்காக ஸ்காலர்ஷிப் தருவதில்லை, எம்ஐடியும் தருவதில்லை. ஆக, முழுப் பணமும் கட்ட வேண்டும். பல தனியார் கல்லூரிகளில் தங்கும் செலவோடு ஆண்டுக்கு 90,000 டாலருக்கு மேல். நாலு வருடத்துக்கு 3 லட்சத்து 60,000. சொந்த மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆண்டுக்கு 35,000 முதல் 40,000 ஆகும் என்றால் நாலு வருடத்துக்கு ஒன்றரை லட்சம் வாக்கில். வித்தியாசம் 2 லட்சம் டாலர். அந்த வித்தியாசத்தைக் கொடுக்கலாமா கூடாதா என்று நான் சொல்ல முடியாது, அது குடும்பத்தின் முடிவு. ஆனால் அந்த முடிவைக் கையெழுத்துப் போடும் முன்னால், எண்களைக் காகிதத்தில் எழுதி, பிள்ளையையும் பக்கத்தில் உட்காரவைத்து எடுக்க வேண்டும். டிசம்பரில் இடம் கிடைத்த சந்தோஷத்தில் பிள்ளை குதித்துக்கொண்டிருக்கும்போது இந்தப் பேச்சைத் தொடங்குவது மிகக் கொடுமை. இரண்டு வீடுகளில் அது நடந்ததை நான் நேரில் பார்த்தேன்.

இதற்குக் கருவி இருக்கிறது. ஒவ்வொரு கல்லூரியும் தன் இணையதளத்தில் நெட் பிரைஸ் கால்குலேட்டர் வைத்திருக்க வேண்டும் என்பது 2011 முதல் சட்டப்படி கட்டாயம். வரிப் படிவத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருபது நிமிடம் உட்கார்ந்தால் உதவி போக ஏறக்குறைய எவ்வளவு கட்ட வேண்டி வரும் என்று தெரிந்துவிடும். சொந்தத் தொழில், வாடகைக்கு விட்ட வீடு, விவாகரத்து இருந்தால் அந்தக் கணக்கு கொஞ்சம் பிசகும். அப்போது கல்லூரியின் பண உதவி அலுவலகத்துக்கு நேரடியாக எழுதிக் கேட்கலாம்.

ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், ஸ்டான்ஃபோர்ட் ஆகியவற்றின் முன்கூட்டிய விண்ணப்பம் வேறு வகை. கிடைத்தாலும் சேர்ந்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஆனால் அந்த நவம்பரில் வேறு தனியார் கல்லூரிக்கு முன்கூட்டி விண்ணப்பிக்கக் கூடாது. அரசுப் பல்கலைக்கழகங்களுக்குப் போடலாம். 'எதுவும் இழக்கவில்லையே' என்று பலரும் இதை எடுத்துக்கொள்கிறார்கள். இழப்பது ஒன்று உண்டு. எர்லி டிசிஷன் என்ற ஒரே சீட்டை இங்கே செலவழித்துவிட்டால், அது கொஞ்சம் எடுபடக்கூடிய இடத்தில் அதைப் போட முடியாது. என் அபிப்பிராயம் இது. பணக் கணக்கு ஒத்துவந்து, பிள்ளைக்கு ஒரு கல்லூரி உண்மையிலேயே பிடித்திருந்தால் எர்லி டிசிஷன் நல்ல ஆயுதம். பணம் ஒத்துவரவில்லை என்றால் எந்தக் கல்லூரியாக இருந்தாலும் வேண்டாம்.

சொந்த மாநிலத்திலிருந்து தொடங்குவது

எனக்குப் பிடித்த வழி இதுதான். ஆனால் எங்கள் வீட்டில் சறுக்கியதும் இதில்தான். ஏன் என்று சொல்கிறேன்.

சேஃப்டி என்று ஒரு கல்லூரியைச் சொல்லுமுன் நாலு விஷயம் பார்க்க வேண்டும். இடம் கிடைக்குமா? கேட்கிற பாடப்பிரிவில் கிடைக்குமா? வீட்டால் கட்ட முடியுமா? அங்கே போய் நாலு வருடம் இருக்க பிள்ளைக்கு மனசு இருக்கிறதா? நாங்கள் முதல் கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு எழுந்துபோய்விட்டோம்.

பாடப்பிரிவு விஷயம் எவ்வளவு பெரிது என்பதற்கு இல்லினாய் அர்பானா ஷாம்பெயின் நல்ல எடுத்துக்காட்டு. மொத்தமாகப் பார்த்தால் பத்து பேரில் சுமார் நாலு பேருக்கு இடம் தருகிற பல்கலைக்கழகம். கம்ப்யூட்டர் சயின்ஸில் பத்துக்கு ஒருவருக்குக்கூட இல்லை. வேறு பாடத்தில் சேர்ந்துவிட்டு உள்ளே போய் மாறிக்கொள்ளலாம் என்பது ஏறக்குறைய நடக்காத காரியம். சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகமும் இப்படித்தான். நேரடியாகக் கம்ப்யூட்டர் சயின்ஸில் இடம் கிடைக்காதவர்கள் பிறகு மாறலாம் என்று நம்பி வர வேண்டாம் என்று அவர்களே சொல்கிறார்கள். வெளிமாநிலத்துப் பிள்ளைகளுக்கு அந்தப் பிரிவில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்குத்தான் இடம், ஐவியைவிடக் கடினம். டெக்சஸில் மாநிலச் சட்டப்படி பள்ளியின் உச்சியில் இருக்கிறவர்களுக்கு டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் இடம் உறுதி. 2026இல் சேருகிறவர்களுக்கு முதல் 5 சதவீதம் என்று அதைச் சுருக்கியிருக்கிறார்கள். அங்கேயும் உறுதி பல்கலைக்கழகத்துக்குத்தான், எஞ்சினியரிங்குக்கோ கம்ப்யூட்டர் சயின்ஸுக்கோ இல்லை. கலிஃபோர்னியாவில் முதல் 9 சதவீதத்துக்குள் வருகிற பிள்ளைக்கு யூசியில் எங்காவது ஒரு இடம் தருவதாக வாக்கு உண்டு. அந்த 'எங்காவது' பல ஆண்டுகளாக யூசியின் மெர்சட் வளாகம்தான். லாஸ் ஏஞ்சலஸ் வளாகமான யூசிஎல்ஏவுக்கு மட்டும் ஆண்டுக்கு 1,45,000 விண்ணப்பம் வருகிறது.

ஆக, இன்ஸ்டேட், அதாவது சொந்த மாநிலம், என்ற ஒரு காரணத்தால் மட்டும் எதுவும் சேஃப்டி ஆகாது. கம்ப்யூட்டர் சயின்ஸ், எஞ்சினியரிங், நர்ஸிங், பிசினஸ் கேட்கிற பிள்ளை பல்கலைக்கழகத்தின் சதவீதத்தைப் பார்க்காமல் பிரிவின் சதவீதத்தைத் தேட வேண்டும். கணிதமோ பொருளாதாரமோ உயிரியலோ படிக்க நினைக்கிற பிள்ளைக்கு அதே பல்கலைக்கழகம் நல்ல சேஃப்டியாக இருக்கலாம். ஒரே வீட்டில் அக்காவுக்குச் சேஃப்டியாக இருந்தது தம்பிக்கு ரீச்சாக மாறுவது இப்படித்தான்.

பணத்தில் இந்த வழிக்கு ஈடு கிடையாது. பர்டூ 2012-13இல் இருந்த டியூஷனையே இன்னும் வைத்திருக்கிறது, இண்டியானா மாநிலத்தவருக்கு ஆண்டுக்கு 10,000 டாலருக்குள். ஜார்ஜியாவில் 3.7 ஜிபிஏவும் (பள்ளி மதிப்பெண் சராசரி) எஸ்ஏடி 1200ம் இருந்தால் ஸெல் மில்லர் ஸ்காலர்ஷிப் அரசுக் கல்லூரிகளின் டியூஷனைக் கட்டிவிடுகிறது. மாறாக, வெளிமாநிலத்திலிருந்து யூசிக்குப் போகிற பிள்ளை வழக்கமான கட்டணத்துக்கு மேல் ஆண்டுக்கு 34,000 டாலருக்கும் அதிகமாகக் கட்ட வேண்டும். பெர்க்லி என்ற பெயருக்காக அதைக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால், அந்த விலைக்குத் தேவையைப் பார்த்துப் பணம் தருகிற தனியார் கல்லூரியைத் தேடுவேன்.

ஆனர்ஸ் காலேஜ் பற்றி ஒரு வார்த்தை. பெரிய அரசுப் பல்கலைக்கழகத்துக்குள்ளே சின்ன வகுப்பு, முதலில் பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை, தனி விடுதி, ஆய்வுக்குப் பேராசிரியர் என்று நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கென்றே வைத்திருக்கிறார்கள். பென் ஸ்டேட்டின் ஷ்ரேயர், அரிசோனா ஸ்டேட்டின் பேரெட் இரண்டும் நல்ல பெயர் உள்ளவை. தனி விண்ணப்பம், தனிக் கட்டுரை இருக்கும். சேஃப்டிதானே என்று இதை அவசரமாக எழுதி அனுப்புகிறார்கள். பட்டியலின் அடியில் இருக்கிற கல்லூரியை ஒரு பிள்ளை மனசார விரும்ப வைப்பது பெரும்பாலும் இந்த ஆனர்ஸ் இடம்தான். அதற்கான கட்டுரையை ஐவிக்கு எழுதுகிற அக்கறையோடு எழுத வேண்டும்.

ஸ்காலர்ஷிப்பைத் துரத்துவது

இதை நம்மவர்கள் குறைவாகத்தான் செய்கிறார்கள். கௌரவம் தடுக்கிறது என்று நினைக்கிறேன். அலபாமா பல்கலைக்கழகம் வெளிமாநிலத்துப் பிள்ளைகளுக்கு ஜிபிஏவும் எஸ்ஏடியும் எவ்வளவு இருந்தால் எவ்வளவு தருவோம் என்று அட்டவணையாகவே போட்டிருக்கிறது. கட்டுரை, நேர்காணல் எதுவும் இல்லை, எண் இருந்தால் பணம். இப்படி முன்கூட்டியே தெரிகிற பணத்துக்கும், போட்டி போட்டு வாங்குகிற பணத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். வேண்டர்பில்ட், டியூக், நார்த் கரோலினாவின் மோர்ஹெட் கெய்ன், வர்ஜீனியாவின் ஜெஃபர்சன் போன்ற முழு ஸ்காலர்ஷிப்கள் மிக அருமையானவை. ஆனால் அவை கிடைப்பது அந்தக் கல்லூரியில் இடம் கிடைப்பதைவிடக் கடினம். அவற்றைப் பட்டியலின் உச்சியில் வையுங்கள், பட்ஜெட்டில் வைக்காதீர்கள்.

மருத்துவம் படிக்கப் போகிற பிள்ளைக்கு இந்த நாலாவது வழி மிகவும் பொருந்தும். நாலு வருடம் கழித்து மெடிக்கல் ஸ்கூலுக்கு இன்னொரு பெரிய தொகை வேண்டும், அங்கே முதலில் பார்ப்பது ஜிபிஏவையும் எம்கேட் நுழைவுத் தேர்வையும்தான்.

எச்-4இல் இருக்கும் பிள்ளைகள்

பெற்றோர் எச்-1பி வேலை விசாவிலும் பிள்ளை அவர்களைச் சார்ந்த எச்-4 விசாவிலும் இருந்து பச்சை அட்டைக்கு (கிரீன் கார்டு) வரிசையில் நிற்கிற வீடுகளுக்கு மேலே சொன்ன எல்லாக் கணக்கும் மாறும். இங்கேயே எல்கேஜியிலிருந்து படித்த பிள்ளையாக இருந்தாலும் எஃப்ஏஎஃப்எஸ்ஏ என்ற படிவம் வழியாக வரும் அரசு உதவி கிடையாது. பல கல்லூரிகள் பண விஷயத்தில் வெளிநாட்டு மாணவராகவே பார்க்கும். வெளிநாட்டு மாணவரிடம் 'பணம் கேட்கிறாரா' என்று பார்த்து முடிவெடுக்கிற கல்லூரிகளே அதிகம். அப்படிப் பார்க்காதவை என்று ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மவுத், போடன் என்று சிலவே உள்ளன. நெட் பிரைஸ் கால்குலேட்டர் பெரும்பாலும் குடியுரிமை உள்ளவர்களுக்கானது, அதில் வரும் எண்ணை நம்ப வேண்டாம்.

சொந்த மாநிலக் கட்டணம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். கலிஃபோர்னியாவிலும் டெக்சஸிலும் எச்-4 பிள்ளை குடியிருப்பைக் காட்டி இன்ஸ்டேட் கட்டணம் பெற முடியும். ஜார்ஜியாவின் ஸெல் மில்லர் போன்ற மாநில ஸ்காலர்ஷிப்களுக்குத் தகுதி வராது. இன்னொன்று, எச்-4 முடிந்துவிடுகிற 21 வயது. பெரும்பாலும் கல்லூரி மூன்றாவது வருடத்தில் வருகிற பிறந்தநாள் அது. அதற்குள் பச்சை அட்டை கைக்கு வராவிட்டால் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டும், அப்போது இன்ஸ்டேட் கட்டணம் தொடருமா என்று அந்தப் பல்கலைக்கழகத்தின் ரெசிடென்ஸி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இந்த வீடுகளுக்குச் சேஃப்டி என்பது வெளிமாநிலக் கட்டணம் விழுந்தாலும் கட்டக்கூடியதாக இருக்க வேண்டும். கனடாவின் வாட்டர்லூ, டொராண்டோவையும் இவர்கள் பார்க்கலாம். பிரிட்டன் என்றால் யூகேஸ் என்ற பொது விண்ணப்பத்தில் ஐந்து இடம் போடலாம், ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டில் ஒன்றுக்குத்தான் அனுமதி, அதற்கு அக்டோபர் 15 கடைசி நாள்.

சரி, எப்படிக் கட்டுவது

அந்தப் பையனிடம் நான் சொன்னது, எக்செல் தாளைத் தலைகீழாகத் திருப்பு என்றுதான். முதல் வரியில் சேஃப்டி. அதைப் பிடிக்கிற வரைக்கும் அடுத்த வரிக்குப் போகாதே. மூன்று நாள் முரண்டு பிடித்தான். அப்புறம் அரிசோனா ஸ்டேட்டின் பாடப் பட்டியலைத் திறந்து முதல் நாலு செமஸ்டருக்கு என்னென்ன எடுப்பேன் என்று ஒரு தாளில் எழுதினான். ஒன்பது ஏபி இருப்பதால் இரண்டாம் வருடத்திலேயே மூன்றாம் வருடப் பாடம் எடுக்கலாம் என்பது அப்போதுதான் அவன் கண்ணில் பட்டது. "இது நல்லாதான் இருக்கு ஆன்ட்டி" என்றான், கொஞ்சம் ஆச்சரியமாக. இந்தப் பயிற்சியை எல்லாப் பிள்ளையும் செய்யட்டும். நாலு செமஸ்டர் பாடத்தை எழுத முடியாத கல்லூரி பட்டியலில் இருக்க வேண்டியதில்லை, அது எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் சரி.

சேஃப்டி இரண்டு போதும். அதில் ஒன்றாவது விண்ணப்பம் வர வரவே முடிவு சொல்லிவிடுகிற இடமாக இருந்தால் நல்லது. செப்டம்பரில் போட்டால் இலையுதிர் காலத்திலேயே பதில் வந்துவிடும். கையில் ஒரு இடம் வந்த பிறகு எழுதுகிற கட்டுரைகளில் பதற்றம் இருக்காது.

நடுவில் நாலைந்து டார்கெட், இதுதான் தேடுவதற்குக் கடினம். 25 முதல் 50 சதவீதம் வரை இடம் தருகிற, பிள்ளையின் மதிப்பெண் அங்கே மேல் கால்பகுதியில் வருகிற கல்லூரிகள். இதற்குக் காமன் டேட்டா செட் என்ற ஆவணம் பெரிய உதவி. கல்லூரிப் பெயரோடு அதைச் சேர்த்துத் தேடினால் கிடைக்கும். சி7 என்ற பகுதியில் எதை எவ்வளவு முக்கியமாகப் பார்க்கிறார்கள் என்று இருக்கும். அதில் 'விண்ணப்பதாரரின் ஆர்வம்' என்ற வரியைக் கவனியுங்கள். முக்கியம் என்று குறித்திருந்தால், வேறு பெரிய இடத்துக்குப் போய்விடுவான் என்று தோன்றுகிற உயர் மதிப்பெண் பிள்ளையை அவர்கள் ஒதுக்கக்கூடும். அங்கே தகவல் கூட்டத்தில் கலந்துகொள்வது, மின்னஞ்சலைத் திறந்து படிப்பது எல்லாம் கணக்கில் வரும். எச் பகுதியில் எத்தனை பேருக்கு எவ்வளவு மெரிட் பணம் (மதிப்பெண்ணுக்கான ஸ்காலர்ஷிப்) கொடுத்தார்கள் என்று இருக்கும். பள்ளியில் நேவியன்ஸ் என்ற கல்லூரி விண்ணப்ப மென்பொருள் இருந்தால் அதன் புள்ளிப் படத்தைக் கவுன்சலரோடு உட்கார்ந்து பாருங்கள். உங்கள் பள்ளியிலிருந்து இதே மதிப்பெண்ணோடு போனவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதை நாடு முழுவதற்குமான சராசரி சொல்லாது.

மேலே ரீச் எத்தனை என்பது எழுதுகிற தெம்பைப் பொறுத்தது. ஐந்து ஆறு எனக்குச் சரியாகப் படுகிறது. எஸ்ஏடி கேட்கிறார்களா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். எம்ஐடி 2022இலேயே மறுபடி கட்டாயமாக்கிவிட்டது, ஹார்வர்ட், பிரௌன், டார்ட்மவுத், கால்டெக் பின்தொடர்ந்தன. யூசி அதைப் பார்ப்பதே இல்லை, ஆனால் தலா 350 வார்த்தைக்குள் நாலு பதில் கேட்கிறது. ஒரே விண்ணப்பத்தில் ஒன்பது கல்லூரிக்கும் போடலாம், கல்லூரிக்கு 80 டாலர்.

இப்போது அக்டோபர் தொடக்கம். அவன் தாளில் 12 வரி இருக்கிறது. எங்கள் மாநிலக் கம்ப்யூட்டர் சயின்ஸ் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு ஏறிவிட்டது, அதே பல்கலைக்கழகத்தில் கணிதமும் புள்ளியியலும் இரண்டாவது விருப்பமாக, இந்தத் தடவை யோசித்து எழுதப்பட்டிருக்கிறது. முதல் வரிக் கல்லூரியின் கடிதம் போன வாரம் வந்தது, அவன் அம்மா அதை ஃபிரிட்ஜில் ஒட்டிவைத்திருக்கிறார். எர்லி டிசிஷன் என்ற கட்டம் மட்டும் இன்னும் காலி. அவன் அப்பா போன வருட வரிப் படிவத்தை வைத்து மூன்று கல்லூரிக் கால்குலேட்டரில் எண் போட்டுக்கொண்டிருக்கிறார். 20ஆம் தேதிக்குள் மூன்று பேரும் உட்கார்ந்து பேசி முடிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.